இரண்டு துரியாக்கள்: ஃபாதென் ஹமாமாவின் முகமும் எகிப்திய அரசின் காதும்

1

1975ஆம் ஆண்டில் கெய்ரோவில் துரியா என்ற பெயரில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி திரையில் இருந்தாள். 'உரீது ஹல்லன்' (எனக்கொரு தீர்வு வேண்டும்) என்ற படத்தில், வெளியுறவுத் துறையில் பெரிய பதவியில் இருக்கும் கணவனிடமிருந்து விவாகரத்துக் கேட்டு, ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறி இறங்குகிறவள். அந்தத் துரியாவாக நடித்தவர் ஃபாதென் ஹமாமா. 'அரபுத் திரையின் சீமாட்டி' என்று அரபு உலகம் பட்டம் சூட்டியிருந்த நடிகை.

இன்னொருவர் ரத்தமும் சதையுமான துரியா ஷஃபீக். பாரிசில் சோர்போனில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 'நைல் நதியின் மகள்' என்ற பத்திரிகையை 1945இல் தொடங்கியவர், அதே பெயரில் 1948இல் பெண்கள் சங்கம் அமைத்தவர். 1951 பிப்ரவரியில் சுமார் 1500 பெண்களைக் கூட்டிக்கொண்டு எகிப்திய நாடாளுமன்றத்துக்குள் புகுந்து வாக்குரிமை கேட்டவர். 1957இல் நாசரின் சர்வாதிகாரத்தை எதிர்த்துக் கெய்ரோவிலிருந்த இந்தியத் தூதரகத்துக்குள் போய் உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்தார். அதற்குக் கிடைத்த தண்டனை வீட்டுக்காவல். பத்திரிகைகளில் அவர் பெயரே வரக்கூடாது என்றானது. பதினெட்டு ஆண்டுகள் ஏறக்குறைய யார் கண்ணிலும் படாமல் வாழ்ந்துவிட்டு, 1975 செப்டம்பரில் தன் வீட்டு மாடியிலிருந்து விழுந்து இறந்தார்.

பெயர்ப் பொருத்தத்தை வைத்து ஜோசியம் சொல்ல வரவில்லை. விஷயம் வேறு. நிஜத் துரியாவின் வாயை அடைத்த அரசுதான் திரைத் துரியாவின் பேச்சுக்குக் காது கொடுத்தது. படம் வந்து நாலே வருஷத்தில் மணவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரே கோரிக்கையை ஒரு பெண் சொன்னால் ராஜத்துரோகம், இன்னொரு பெண் சொன்னால் சமூக சீர்திருத்தம். இது எப்படி நடந்தது? ஹமாமாவின் வாழ்க்கையை இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம். 'மகத்தான நடிகை', 'எகிப்தின் பொற்காலம்' என்று புல்லரித்துப் போகிற கட்டுரைகள் நிறையவே இருக்கின்றன. இன்னொன்று எதற்கு?

2

எகிப்திய சினிமாவைத் தொடங்கி வைத்தவர்களில் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1927இல் வெளிவந்த 'லைலா' என்ற முழுநீள மௌனப் படத்தைத் தயாரித்து நடித்தவர் அஸீஸா அமீர். பஹீஜா ஹாஃபிஸ், ஆஸியா தாகர், மேரி குவீனி ஆகியோர் நடிப்போடு நிற்காமல் பணம் போட்டார்கள், கம்பெனி நடத்தினார்கள். பிறகு மூலதனம் வந்தது. 1920இல் தலாத் ஹர்ப் முன்னின்று தொடங்கிய மிஸ்ர் வங்கி 1935இல் ஸ்டூடியோ மிஸ்ரைத் திறந்தது. சினிமா ஒரு தேசியத் தொழிலாயிற்று. தொழில் பெரிசானதும் பெண்கள் பெரும்பாலும் காமிராவுக்கு முன்பக்கம் மட்டும் மிஞ்சினார்கள். எந்த ஊர் சினிமாவை எடுத்துக்கொண்டாலும் இந்தக் கதைதானே?

அப்படி முன்பக்கம் நின்றவர்களுக்குள் ஒரு பாகுபாடு இருந்தது. ஆட்டத்திலிருந்தும் பாட்டிலிருந்தும் மேடையிலிருந்தும் வந்தவர்கள் ஒரு பக்கம். தஹியா காரியோக்கா, சாமியா கமால் போன்றவர்கள் ஆடினார்கள். கூட்டம் அவர்களைப் பார்த்துக் கிறங்கியது, ஆனால் வீட்டுக்குள் சேர்க்கத் தயங்கியது. 'ஆடுறவ' என்ற ஒற்றைச் சொல் அவர்களுடைய அத்தனை திறமையையும் அடித்துவிடும். இத்தனைக்கும் தஹியா காரியோக்கா அரசியல் காரணங்களுக்காகச் சிறைக்குப் போய் வந்தவர்.

ஹமாமா வந்த வழி வேறு. 1931இல் நைல் டெல்டாவிலுள்ள மன்சூராவில் பிறந்தவர். தகப்பனார் கல்வித் துறையில் உத்தியோகஸ்தர். கோட்டும் டர்புஷ் தொப்பியும் போட்டுக்கொண்டு அலுவலகம் போகும் 'எஃபெந்தி' வர்க்கம். குழந்தைகளுக்கான ஒரு போட்டியில் மகள் ஜெயித்ததும், அவளுடைய படத்தை இயக்குநர் முகம்மது கரீமுக்கு அனுப்பி வைத்தவரே அந்தத் தகப்பனார்தான். அப்படிக் கிடைத்தது 'யவ்ம் சயீத்' (மகிழ்ச்சியான நாள்). 1940இல் வெளிவந்தது. கதாநாயகன் பாடகர் முகம்மது அப்துல் வஹாப். பெற்றவர் கைபிடித்துக் கூட்டி வந்த பிள்ளையாகத்தான் ஹமாமா சினிமாவுக்குள் நுழைந்தார். யார் வீட்டு மகள் என்று கேட்டால் சொல்வதற்குப் பதில் இருந்தது. இது சின்ன விஷயமில்லை. பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் முதலீடு.

நாற்பதுகளின் அழுகைப் படங்களுக்கு அந்த முகம் கச்சிதமாகப் பொருந்தியது. அநாதைப் பெண், ஏமாற்றப்பட்டவள், பழி சுமத்தப்பட்டவள். சிறு உடம்பு, தாழ்ந்த குரல், பெரிய கண்கள். ஹமாமா என்றால் அரபியில் புறா. பெயருக்கும் பிம்பத்துக்கும் இடையில் ஒரு இடைவெளியும் இல்லை. 1947இல் இயக்குநர் இஸ்ஸுத்தீன் ஸுல்ஃபிக்காரை மணந்தார். 1950இல் யூசுஃப் ஷாஹின் தன் முதல் படமான 'பாபா அமீன்' எடுத்தபோது அதிலும் ஹமாமா இருந்தார்.

இந்த அழுகையை மட்டமாக நினைத்துவிடக்கூடாது. அழும் பெண்ணைப் பார்வையாளர் நம்புகிறார். அநியாயம் நடந்தது என்பதற்கு அவள் கண்ணீரே சாட்சி. பத்துப் பன்னிரண்டு வருஷங்களில், எகிப்திய மத்தியதர வர்க்கம் விசாரிக்காமல் ஏற்றுக்கொள்ளும் சாட்சியாக அந்த முகம் ஆகிப்போனது. இந்த நம்பகத்தன்மைதான் ஹமாமாவின் நட்சத்திர பிம்பத்தின் சாரம். அதே சமயம் இது மற்ற பெண்களிடமிருந்து கழித்து எடுக்கப்பட்ட மதிப்பு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆடுறவளை நம்பாத ஊர்தான் அழுகிறவளை நம்பியது.

3

1952 ஜூலையில் ராணுவ அதிகாரிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். செப்டம்பரில் நிலச் சீர்திருத்தச் சட்டம். 1954இல் ஷாஹினின் 'ஸிராஉ ஃபில் வாதி' (பள்ளத்தாக்கில் போராட்டம்) வந்தது. கரும்பு விவசாயிகளை ஒடுக்கும் பாஷா, அவருடைய மகள், கிராமத்திலிருந்து படித்து வந்த விவசாயப் பொறியாளன். மகளாக ஹமாமா. பொறியாளனாக ஒரு புதுமுகம். லெவன்ட் வழிக் கிறிஸ்தவக் குடும்பத்து இளைஞன் மிஷேல் ஷல்ஹூப், படத்துக்காக ஒமர் ஷெரீஃப் என்று பெயர் வைத்துக்கொண்டவர். அதுவரை திரையில் முத்தக் காட்சிக்கு உடன்படாத ஹமாமா இந்தப் படத்தில் உடன்பட்டார். ஊர் அதையே பேசியது. ஸுல்ஃபிக்காருடன் மணமுறிவு, 1955இல் ஒமர் ஷெரீஃபுடன் திருமணம்.

இந்தத் திருமணத்தைக் காதல் கதையாக எல்லோரும் சொல்கிறார்கள். சட்டக் கதையாகவும் சொல்லலாம். முஸ்லிம் பெண் முஸ்லிம் அல்லாத ஆணை மணக்க எகிப்தியக் குடும்பச் சட்டம் இடம் தராது. ஷெரீஃப் மதம் மாறிய பிறகுதான் கல்யாணம். நாட்டின் மிகப் பெரிய நட்சத்திரமானாலும் யாரை மணக்கலாம், எப்படிப் பிரியலாம் என்பதை அவரும் அந்தச் சட்டத்தின் வாசலில் நின்றுதான் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

அதே வருடங்களில் துரியா ஷஃபீக் என்ன செய்துகொண்டிருந்தார்? 1954 மார்ச்சில், புதிய அரசியல் சட்டம் எழுதும் குழுவில் ஒரு பெண்கூட இல்லை என்று பத்திரிகையாளர் சங்கக் கட்டடத்தில் உண்ணாவிரதம் இருந்தார். 1956 அரசியல் சட்டம் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. அதிலும் ஒரு கொக்கி. ஆண்களுக்குப் பதிவு கட்டாயம். பெண்களோ தாங்களே விண்ணப்பித்தால்தான் பட்டியலில் பெயர் ஏறும். சுயேச்சையான பெண்கள் அமைப்புகளுக்கு இடமில்லாமல் போனது. பெண்ணுக்காகப் பேசும் உரிமையை அரசே எடுத்துக்கொண்டது. படிப்பு கொடுத்தது, வேலை கொடுத்தது. ஆனால் 1920, 1929ஆம் ஆண்டுகளின் குடும்பச் சட்டங்களை நாசரின் அரசு தொடவில்லை. பாஷாவின் நிலத்தைப் பிடுங்கத் துணிந்தவர்கள், கணவனின் வீட்டு அதிகாரத்தில் கைவைக்கத் துணியவில்லை.

இந்த மௌனத்துக்கு நடுவில்தான் ஹமாமாவின் மிகச் சிறந்த மூன்று படங்கள் வந்தன. மூன்றையும் இயக்கியவர் ஹென்றி பரகாத். மூன்றும் நாவல்களிலிருந்து பிறந்தவை.

'துஆ அல் கரவான்' (கரவான் பறவையின் பிரார்த்தனை, 1959), தாஹா ஹுசைனின் நாவல். நீர்ப்பாசனப் பொறியாளன் ஒருவனால் கெடுக்கப்பட்ட அக்காளை 'மானம்' காக்க மாமனே கொன்றுவிடுகிறான். தங்கை ஆம்னா பழிவாங்க அதே பொறியாளன் வீட்டில் வேலைக்காரியாகச் சேர்கிறாள். வெறுப்பு மெல்ல மெல்லக் காதலாகத் திரிகிறது. நாவல் இருவரையும் குற்ற உணர்வோடு சேர்ந்து வாழ விட்டுவிடுகிறது. படத்துக்கு அவ்வளவு தைரியம் இல்லை. மாமனின் துப்பாக்கிக்குப் பொறியாளன் பலியாகிறான். நல்லவள் முகத்துக்குக் களங்கம் வராமல் ஒரு துப்பாக்கிக் குண்டு காப்பாற்றிக் கொடுக்கிறது.

'அல் பாப் அல் மஃப்தூஹ்' (திறந்த கதவு, 1963), லத்தீஃபா அல் ஸய்யாத்தின் நாவல். 1946இல் மாணவர் போராட்டத்தில் முன்னின்ற, சிறை கண்ட எழுத்தாளர். நாயகி லைலா, அப்பாவையும் நிச்சயிக்கப்பட்ட பேராசிரியரையும் ரயில் நிலையத்தில் விட்டுவிட்டு, 1956 சூயஸ் போருக்குப் போகும் ரயிலைப் பிடிக்க ஓடுகிறாள். அபாரமான முடிவுதான். ஆனாலும் அந்த ரயில் எங்கே போகிறது என்று கவனியுங்கள். அவள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டுமானால் தேசத்துக்கு ஆபத்து வர வேண்டியிருக்கிறது. தேசத்தின் கதவும் பெண்ணின் கதவும் ஒன்றே என்ற கதையாடல் அது. போர் இல்லாத நாளில் லைலா எந்த ரயிலைப் பிடிப்பாள்?

'அல் ஹராம்' (விலக்கப்பட்டது, 1965), யூசுஃப் இத்ரீஸின் நாவல். 'தராஹீல்' எனப்படும், பருவத்துக்குப் பருவம் கூட்டம் கூட்டமாக எஸ்டேட்டுகளுக்கு ஓட்டிச் செல்லப்படும் கூலிகளின் கதை. நோயாளிக் கணவன் சர்க்கரைவள்ளிக் கிழங்கு தின்ன ஆசைப்படுகிறான். அதைத் தோண்டப் போன அஸீஸாவைத் தோட்டக்காரரின் மகன் பலாத்காரம் செய்கிறான். கர்ப்பத்தை மறைத்து வேலைக்குப் போனவள் வயல் ஓரத்தில் பிள்ளை பெறுகிறாள். அது அழாதிருக்க வாயைப் பொத்துகிறாள். பிள்ளை செத்துப்போகிறது. சிசுவின் உடல் கிடைத்ததும் எஸ்டேட் மேற்பார்வையாளனின் சந்தேகம் நேரே கூலிகள் மேல் போகிறது. நம்ம ஊர்ப் பெண் இப்படிச் செய்வாளா, இது வந்தேறிகளின் வேலை! காய்ச்சல் கண்ட அஸீஸாவும் இறந்துபோகிறாள். கேன்ஸ் விழாவில் போட்டியிட்ட இந்தப் படத்தில் ஹமாமாவின் நடிப்பு உச்சம். கிழங்கு தோண்டுகிற உடம்பின் அலுப்பை நடித்துக் காட்டினார் என்பதைவிட அலுத்துப்போனார் என்றே சொல்லலாம். ஆனால் கதை நடப்பது மன்னர் காலத்தில். குற்றம் முழுக்க பழைய ஆட்சியின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. அஸீஸா கேட்பதற்கு வாய் திறக்கும் முன்னரே செத்தும் விட்டாள்.

மூன்று படங்களிலும் பெண்ணுக்கு நேரும் அநீதி துல்லியமாகக் காட்டப்படுகிறது. மூன்றிலும் அவள் அரசிடம் எதையும் கேட்பதில்லை. அரசு இந்தக் கண்ணீரைப் பொறுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

4

இந்த ஏற்பாடு 1966இல் முறிந்தது. உளவுத்துறை தன்னைத் தங்களுக்கு வேலை செய்யச் சொல்லி நெருக்கியதாகவும், மறுத்ததால் தொல்லைகள் வந்ததாகவும் ஹமாமா பின்னாளில் சொன்னார். நாட்டைவிட்டுப் போய், பெய்ரூட்டிலும் லண்டனிலுமாக 1971 வரை இருந்தார். அரசு தந்த 'தேசத்தின் சொத்து' என்ற பாராட்டுக்குப் பொருள் அப்போதுதான் விளங்கியிருக்கும். சொத்து என்றால் சொந்தக்காரர் ஒருவர் உண்டு இல்லையா? 1970 செப்டம்பரில் நாசர் இறந்தார். அதற்குப் பிறகே ஹமாமா திரும்பினார்.

ஷஃபீக்கும் ஹமாமாவும் ஒரே ஆட்சியோடு மோதியவர்கள்தான். ஒருவர் வீட்டுக்குள் பூட்டப்பட்டார், மற்றவர் நாட்டுக்கு வெளியே நின்றார். ஒருவர் உரக்க மறுத்தார், மற்றவர் சத்தமில்லாமல் மறுத்தார். சத்தமில்லாத மறுப்பை மன்னித்து வரவேற்க அடுத்து வந்த அரசுக்குச் சௌகரியமாக இருந்தது. ஷஃபீக்கை நினைவுபடுத்திக்கொள்ளவே யாருக்கும் சௌகரியப்படவில்லை.

திரும்பி வந்த ஹமாமாவிடம் ஒரு மாற்றம். 1972இல் 'இம்பராதூரியத் மீம்' (மீமின் சாம்ராஜ்யம்). ஆறு பிள்ளைகளை வளர்க்கும் விதவைத் தாய், உத்தியோகம் பார்ப்பவள். வீட்டுக்குள்ளே ஜனநாயகம் வேண்டும் என்று பிள்ளைகள் தேர்தல் நடத்துகிறார்கள், கடைசியில் அம்மாவையே தேர்ந்தெடுக்கிறார்கள். நாட்டில் ஒழுங்கான தேர்தலைக் காணாத ஜனங்கள், ஒரு வீட்டுக்குள் நடந்த தேர்தலைத் தியேட்டரில் பார்த்தார்கள்.

5

பிறகுதான் 'உரீது ஹல்லன்'. பத்திரிகையாளர் ஹுஸ்ன் ஷாவின் கதை, சயீத் மர்ஸூக்கின் இயக்கம். கணவனாக ருஷ்தி அபாஸா. அன்றைய சட்டத்தில் ஆண் வாயால் சொன்னால் விவாகரத்து முடிந்தது. பெண்ணானால் நீதிமன்றத்தில் ஏறி, தனக்கு நேர்ந்த 'தீங்கை' நிரூபிக்க வேண்டும். 'எனக்கு இவரோடு வாழ முடியவில்லை' என்பது ஒரு காரணமே அல்ல. கணவன் பதிலுக்குக் 'கீழ்ப்படிதல் வீடு' என்ற வழக்கைப் போட்டு, அவளைத் திரும்பி வரச் சொல்லலாம். போலீஸைக் கொண்டு இழுத்து வரும் வழக்கம் 1967இல்தான் நின்றது. வர மறுத்தால் ஜீவனாம்சம் போச்சு. துரியா இந்தச் சுற்றுகளெல்லாம் சுற்றுகிறாள். கணவன் பக்கம் பொய்ச்சாட்சி வருகிறது. கடைசியில் வழக்குத் தள்ளுபடியாகிறது.

முப்பத்தைந்து வருஷங்களாக எகிப்து நம்பிவந்த முகத்தை நீதிமன்றம் நம்ப மறுக்கிறது. படத்தின் அடி விழுவது இங்கேதான். தியேட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு அவள் சொல்வது உண்மை என்று தெரியும். அவர் வாழ்நாள் முழுக்க அவள் அழுகையைப் பார்த்தவர். 'இவளுக்கே இந்தக் கதியென்றால்' என்று அவர் யோசிக்கிறபோது, குற்றவாளிக் கூண்டில் சட்டம் ஏறி நிற்கிறது. ஆம்னாவும் லைலாவும் அஸீஸாவும் கேட்காமல் விட்டதைத் துரியா கேட்டுவிட்டாள். அதுவும் தலைப்பிலேயே, தன்னிலையில், 'எனக்கு வேண்டும்' என்று.

ஒரு சினிமா சட்டத்தை மாற்றிவிட்டது என்று சொல்வது அசட்டுத்தனம். வழக்கறிஞர்கள், பெண்கள் அமைப்புகள், பத்திரிகைகள் என்று பலரின் பல வருட உழைப்பு அது. சாதாத்தின் மனைவி ஜிஹான் இதில் காட்டிய ஆர்வத்தால் 1979இல் வந்த 44ஆம் எண் சட்டத்தை 'ஜிஹான் சட்டம்' என்றே ஜனங்கள் அழைத்தார்கள். கணவன் இரண்டாம் தாரம் கட்டினால் அதுவே முதல் மனைவிக்குத் தீங்கு, அதைக் காட்டி அவள் விவாகரத்து வாங்கலாம் என்றது அது. நாடாளுமன்றம் கூடாதபோது அவசர ஆணையாகப் போடப்பட்டது செல்லாது என்று 1985இல் உச்ச அரசியல்சட்ட நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இரண்டே மாதத்தில், சற்றுத் தண்ணீர் ஊற்றி, 100ஆம் எண் சட்டமாக அது திரும்பி வந்தது. மேலேயிருந்து தரப்பட்ட உரிமை எவ்வளவு லேசாக மேலேயே திரும்பிப் போகும் என்பதற்கு இந்த ஆறு வருஷக் கதை போதும். 2000ஆம் ஆண்டின் 1ஆம் எண் சட்டம்தான் 'குல்' வழியைத் திறந்தது. மனைவி காரணம் நிரூபிக்க வேண்டாம். மஹரைத் திருப்பிக் கொடுத்து, பண உரிமைகளை விட்டுக்கொடுத்தால் நீதிமன்றம் பிரித்துவைக்கும்.

துரியா கேட்ட தீர்வு இருபத்தைந்து வருஷம் கழித்துக் கிடைத்துவிட்டது. ஆனால் படத்தின் நீதிமன்றத் தாழ்வாரத்தில் துரியா மட்டும் நிற்கவில்லை. அமீனா ரிஸ்க் நடித்த ஒரு கிழவியும் நிற்கிறாள். பல்லாண்டு குடும்பம் நடத்திய பிறகு புருஷன் தள்ளிவிட, சோற்றுக்கு வழியில்லாமல் வந்தவள். தீர்ப்புக்குக் காத்திருந்தே செத்துப்போகிறாள். பணத்தை விட்டுக்கொடுத்து விடுதலை வாங்குவது துரியாவுக்கு முடியும். விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லாத கிழவிக்கு என்ன வழி? 1985 சட்டம், சம்மதமில்லாமல் தள்ளப்பட்டவளுக்குக் குறைந்தது இரண்டு வருஷ ஜீவனாம்சத்துக்குச் சமமான தொகை தரச் சொன்னது. முப்பது வருஷ உழைப்புக்கு இரண்டு வருஷச் சோறு. மத்தியதர வர்க்க முகம் ஒன்றின் வழியாகப் போன கோரிக்கை, அந்த வர்க்கத்துக்குத் தோதான தீர்வையே முதலில் கொண்டுவந்தது.

இதை ஹமாமாவும் உணராமலில்லை என்று அவருடைய பிற்காலப் படங்களை வைத்துச் சொல்லலாம். கைரி பிஷாராவின் 'யவ்ம் முர் யவ்ம் ஹுல்வ்' (கசப்பான நாள், இனிப்பான நாள், 1988) படத்தில் ஷுப்ரா பகுதியின் நெருக்கடியான வீட்டில் பிள்ளைகளோடும் கடனோடும் மல்லுக்கட்டும் விதவை அவர். இந்த அம்மா எப்போதும் நல்லவளல்ல. வறுமை அவளைக் கணக்குப் பார்க்க வைக்கிறது, மகள்களின் வாழ்க்கையைப் பணயம் வைக்க வைக்கிறது. ஐம்பது வருஷம் சேர்த்த நல்லவள் பிம்பத்தை அவரே கொஞ்சம் செலவழித்துப் பார்த்த படம் அது. தாவூத் அப்துல் சயீதின் 'அர்ள் அல் அஹ்லாம்' (கனவுகளின் பூமி, 1993) அவருடைய கடைசிப் படம். பிள்ளைகளின் வற்புறுத்தலால் அமெரிக்காவுக்குக் கிளம்பும் தாய் கடைசி ராத்திரியில் பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிடுகிறாள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஷாதியா உட்படப் பல நடிகைகள் திரையைத் துறந்து முக்காடிட்டுக்கொண்டார்கள். பத்திரிகைகள் அவர்களை 'மனம் திருந்திய கலைஞர்கள்' என்றன. நடிப்பைப் பாவமாக நினைத்துத் திருந்த வேண்டிய அவசியம் ஹமாமாவுக்கு இருக்கவில்லை. 2000இல் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில்கூட நடித்தார். 2015 ஜனவரி 17 அன்று கெய்ரோவில் இறந்தார்.

6

1951இல் நாடாளுமன்றத்துக்குள் புகுந்த பெண்கள் வாக்குரிமை மட்டும் கேட்கவில்லை. பலதார மணத்துக்கும் ஆணின் விவாகரத்து உரிமைக்கும் கடிவாளம் போடும்படி குடும்பச் சட்டத்தைத் திருத்தவும் கேட்டார்கள். முதல் கோரிக்கை ஐந்து வருஷத்தில் நிறைவேறியது. இரண்டாவதற்கு இருபத்தெட்டு வருஷம் போய் ஒரு துண்டு கிடைத்தது, நாற்பத்தொன்பது வருஷம் போய் இன்னொரு துண்டு. வாக்கு கொடுப்பது அந்த அரசுக்குச் செலவில்லாத காரியம், வாக்குப் பெட்டியே அதன் கையில்தானே இருந்தது. வீட்டுக்குள் ஆணுக்கிருந்த அதிகாரத்தைத் தொடுவதுதான் செலவு. வெளியில் எல்லா அதிகாரத்தையும் பிடுங்கிக்கொண்ட அரசு, ஆண்களுக்கு மிச்சம் வைத்தது அந்த ஒன்றைத்தான்.

ஹமாமாவின் சாதனையைக் குறைத்து மதிப்பிட இதைச் சொல்லவில்லை. கண்ணீரால் சேர்த்த நம்பகத்தன்மையைக் கண்ணீரிலேயே கரைத்துவிடாமல், ஒருநாள் அதைக் கொண்டுபோய் நீதிமன்றத்தில் வைத்தார். அதைச் செய்ய எத்தனை நட்சத்திரங்களுக்குத் தோன்றியிருக்கிறது? ஆனால் அந்த நம்பகத்தன்மை எல்லாப் பெண்களுக்கும் கிடைக்கும்படியாக எகிப்து வைக்கவில்லை. ஷஃபீக்குக்கு அது மறுக்கப்பட்டது, அவர் கெஞ்சாமல் கேட்டார் என்பதற்காக. காரியோக்காவுக்கு மறுக்கப்பட்டது, அவர் ஆடினார் என்பதற்காக. தாழ்வாரத்துக் கிழவிக்கு எந்தக் காரணமும் சொல்லாமலே மறுக்கப்பட்டது. அழகாக அழத் தெரிந்த, நல்ல குடும்பத்துப் பெண்ணின் வாயால் வந்தால்தான் நியாயம் காதில் விழும் என்றால், பழுது அந்தக் காதில்தான். ஹமாமாவின் படங்களை இன்றைக்குத் திரும்பப் போட்டுப் பார்க்கிறவர்கள், ஒருதடவை துரியாவிடமிருந்து பார்வையை விலக்கி, அந்தத் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மற்ற பெண்களையும் பார்க்க வேண்டும். வழக்கு இன்னும் அவர்களுடையதுதான்.